நோய் தேறியபின் ஆஷ்விட்ஸ் நினைவிடத்திற்குத் தனியே செல்வோருக்கு

நீண்ட சிகிச்சையிலிருந்து மீண்டவர்கள், நெடுநாள் எண்ணியிருந்த பயணமொன்றைத் தனியாகவே மேற்கொள்ள விரும்புவதுண்டு. போலந்திலுள்ள ஆஷ்விட்ஸ் வதைமுகாம் நினைவிடமும் அதில் அடங்குமானால், போகவேண்டாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். முன்கூட்டி அறியவேண்டியவை சில உண்டு.

1940 முதல் 1945 வரை நாஜிகள் நடத்திய அம்முகாமில் ஏறத்தாழ 11 லட்சம் பேர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் யூதர்கள். கிராக்கோவ் நகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவு. மூல முகாமுக்கும் பிர்கெனாவுக்கும் இடையே 3 கிலோமீட்டர், பேருந்து உண்டு. வழிகாட்டியுடன் இரண்டையும் காண மூன்றரை மணி நேரம் ஆகும். பிர்கெனாவ் பரந்த வெட்டவெளி, பாதை கரடுமுரடானது. குழுவின் நடைக்கு ஈடுகொடுப்பது கடினம் என்று தோன்றினால், மூல முகாமோடு நிறுத்திக்கொள்வதே மேல். பாதியில் திரும்புவது மரியாதைக் குறைவன்று.

உடல் களைப்பைவிட நாங்கள் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ரயிலிலிருந்து இறக்கப்பட்ட மக்களைத் தரம்பிரித்தபோது நோயாளிகளும் முதியோரும் குழந்தைகளும் பெரும்பாலும் நேரே நச்சுவாயு அறைகளுக்கே அனுப்பப்பட்டனர். அவர்களுடைய ஊன்றுகோல்களும் செயற்கைக் கால்களும் இன்று கண்ணாடிக்குப் பின்னே குவிந்து கிடக்கின்றன. மற்றோர் அறையில் வெட்டப்பட்ட தலைமுடி. கீமோதெரபியில் முடி இழந்தவருக்கு அவ்வறை மற்றவர்க்குப்போல் வெறும் வரலாறாக இராது. ‘அன்று என்னை எந்த வரிசையில் நிறுத்தியிருப்பார்கள்?’ என்ற எண்ணம் எழக்கூடும், அது பலவீனமன்று. வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிட்டு வெளியே காத்திருக்கலாம். மறுநாளை ஓய்வுக்கென ஒதுக்குக.

உள்ளே சிறு பைக்கு மட்டுமே அனுமதி. ஆகவே அன்றைய மருந்துகளையும் மருந்துச்சீட்டின் நகலையும் அதிலேயே வைத்துக்கொள்க. உணவை முன்பே முடித்துக்கொள்க. விசாவுக்காக எடுக்கும் மருத்துவக் காப்பீடு பழைய நோய்க்குப் பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டுப்பெறுக. பலர் இதைக் கவனிப்பதில்லை. அவசர உதவி எண் 112.

வீட்டிலிருப்போருக்கு ஒரு சொல். அன்றிரவு தொலைபேசியில், “நன்றாக இருந்ததா?” என்று கேளாதீர்கள். சாப்பிட்டாயிற்றா, மாத்திரை போட்டாயிற்றா என்று கேளுங்கள்; மற்றதை அவர் சொல்லும்போது சொல்லட்டும். திரும்பியபின் உறக்கமின்மை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் எங்களை அழையுங்கள்.