மீயும் மஞ்சள், பாஸ்தாவும் மஞ்சள்!

மஞ்சள் மீ, பாஸ்தா இரண்டுமே கோதுமையில் செய்தவை. நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், அந்த நிறம் வந்த வழி வேறு வேறு என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

மீ மாவில் சோடியம் கார்பனேட் போன்ற கார உப்புகளைச் சேர்க்கிறார்கள். மாவிலுள்ள ஃபிளேவனாய்டுகள் அவற்றோடு சேர்ந்ததும் மஞ்சளாகின்றன. சிலர் தனியாக நிறமும் கலப்பதுண்டு.

பாஸ்தாவின் மஞ்சளோ தானியத்திலேயே இருக்கிறது. டியூரம் கோதுமையில் உள்ள லூட்டின் என்ற கரோட்டினாய்டுதான் அதற்குக் காரணம். கரோட்டினாய்டு உருவாவதன் முதல் படிக்கு வேண்டிய நொதியைத் தருவது 'பிஎஸ்ஒய்1' என்ற மரபணு. லிப்பாக்சிஜினேஸ் என்ற வேறொரு நொதி, மாவு பிசையும்போது அந்த நிறத்தை வெளுக்க வைக்கும். அதனால் நிறமி அதிகமாகவும் வெளுக்கவைக்கும் நொதி குறைவாகவும் உள்ள ரகங்களை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ரொட்டிக் கோதுமையின் கதை நேர்மாறு. சந்தை வெள்ளை மாவைக் கேட்டது; நிறமி குறைந்த ரகங்களுக்கே மதிப்பு கூடியது. போதாததற்கு, மாவை வெளுக்க பென்சாயில் பெராக்சைடு சேர்க்கும் வழக்கமும் வந்தது.

லூட்டின் நம் விழித்திரையின் மையத்தில் சேரும் நிறமி. உடல் அதைத் தானாக உருவாக்காது. உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். பாஸ்தாவைவிடப் பசலைக்கீரையில் அது பல மடங்கு அதிகம்.

மின்னுவதெல்லாம் பொன்னல்ல, மஞ்சளாக இருப்பதெல்லாம் லூட்டினும் அல்ல. பிள்ளைகளுக்கு மீ கோரேங் கிளறும்போது, கூடவே இரண்டு கைப்பிடி கீரையையும் சேர்த்துவிடுங்கள்.