கால் தடுமாறுதா? முதுகைப் பாருங்க!

மூளையையும் உடம்பையும் இணைக்கும் தண்டுவடம் எவ்வளவு தடிமன் தெரியுமா? சுண்டுவிரல் அளவுதான்! நீளம் சுமார் 45 செ.மீ., எடை வெறும் 35 கிராம்! அதில் கட்டி வந்தால்?

1887 ஜூன் 9, லண்டன். ராணுவ கேப்டன் ஒருவருக்குப் பல வருஷமாக முதுகுவலி, கடைசியில் கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. எக்ஸ்ரே வர இன்னும் 8 வருஷம் இருக்கிறது! உணர்ச்சி எங்கே நிற்கிறது என்று தொட்டுப் பார்த்தே கட்டியின் இடத்தைக் கணித்தார் டாக்டர் கவர்ஸ். அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி முதுகைத் திறந்தார். கட்டியைக் காணோம்! விடவில்லை, இன்னும் மேலே எலும்பை எடுத்தார். இருந்தது, பாதாம்பருப்பு அளவில்! அந்த கேப்டன் பிற்பாடு நின்றும் நடந்தும் நாளுக்கு 16 மணி நேரம் உழைத்தாராம்!

1911-ல் நியூயார்க்கின் டாக்டர் எல்ஸ்பெர்க் செய்தது இன்னும் விநோதம்! தண்டுவடத்தைக் கீறினார், கட்டியைத் தொடவே இல்லை, மூடிவிட்டார். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் கட்டி தானாகவே வெளியே பிதுங்கி நின்றது! நம்ப முடிகிறதா?

இன்றைய கருவிகளைப் பாருங்கள்! கணியூர் பக்கத்து பனியன் கம்பெனி ஓவர்லாக் மெஷின் நிமிடத்துக்கு 6,000 தையல் போடும். வேகம்தான்! ஆனால் கட்டியைப் பொடித்து உறிஞ்சும் அல்ட்ராசவுண்ட் கருவி ஒரே நொடியில் சுமார் 23,000 தடவை அதிர்கிறது! ஆபரேஷன் நடக்கும்போதே, மயங்கிக் கிடப்பவரின் கால் தசைக்கு சிக்னல் போகிறதா என்று திரையில் பார்க்கிறார்கள்!

இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறை எங்கே? நம்ம வேலூர் சி.எம்.சி.யில்! 1949-ல் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். மறு வருஷமே சென்னை ஜி.எச்.சில் பி. ராமமூர்த்தி!

அதே வேலூரில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸுக்கு 1954-ல் கார் விபத்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கட்டியல்ல, ஆனால் அடிபட்டது அதே தண்டுவடம்! சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்! 1966-ல் அங்கே மறுவாழ்வு மையமும் வந்துவிட்டது.

இன்னொன்று தெரியுமா? தண்டுவடத்துக்கு வெளியே, அதன் உறைக்குள் வளரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல! முழுசாக எடுத்துவிட்டால் திரும்ப வருவது குறைவு. ஆபரேஷனுக்கு நடந்து போனவர்கள் பெரும்பாலும் நடந்தே வீடு திரும்புகிறார்கள். கால் விழுந்து நாளானால்தான் சிரமம்.

படுத்தால் கூடும் முதுகுவலி, மரத்துப்போகும் கால், அடக்க முடியாத சிறுநீர். இதற்கெல்லாம் தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள், உடனே நரம்பு டாக்டரைப் பாருங்கள்!