மேக்னா முகத்துவாரத்துப் போலாத் தீவு

வங்காள விரிகுடாவின் தலைப்பக்கத்திலே கங்கை, பிரமபுத்திரா, மேக்னா என்னும் மூன்று பேராறுகளும் ஒன்றாய்க் கூடிக் கடலிற் புகுகின்றன. இமயமலைச் சாரலிலும் அசாமியச் சமவெளியிலும் அரித்தெடுத்த மண்ணை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி தொன் அளவில் அவை சுமந்து வருகின்றன என்பர் புவியியலறிஞர். அம்மண்ணின் ஒரு பகுதி ஆழ்கடலிற் சென்று தங்குகிறது. மற்றொரு பகுதி முகத்துவாரத்திலேயே திட்டுத் திட்டாய்ப் படிந்து நிலமாகிறது. அவ்வாறு உண்டான தீவுகளுள் மிகப் பெரியது போலா. தன்னைச் சூழ்ந்த சிறு தீவுகளோடு சேர்ந்து, 1984 ஆம் ஆண்டு முதல் பங்களாதேசத்தின் தனி மாவட்டங்களுள் ஒன்றாகவும் அது விளங்குகிறது. கிழக்கே மேக்னா, மேற்கே தெத்துலியா ஆறு, தெற்கே கடல். வேற்றூர்ப் பயணத்திற்குப் பெரும்பாலும் நீர்வழியையே நம்பியிருக்க வேண்டிய நாடு அது.

மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 3,400 சதுர கிலோமீற்றர் என்று நூல்களிற் காண்கிறோம். நம் யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல மும்மடங்குக்கு மேல் எனலாம். 2011 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 17 இலட்சத்து 77 ஆயிரம் பேர். குடித்தொகை கூடுவதும் குறைவதும் எங்கும் உள்ளதே. ஆனால் போலாவைப் பொறுத்தவரை பரப்பளவையும் மாணவர்கள் பென்சிலாலேயே எழுதிக்கொள்வது நலம். அங்கே நிலமும் கூடும், குறையும்.

இதன் காரணத்தைச் சிறிது விளக்கவேண்டும். கற்பாறை என்பதே இல்லாத மண் அது. நுண்மணலும் வண்டலும் அடுக்கடுக்காய்ப் படிந்தது. மழைக்காலத்தில் மூன்று ஆறுகளின் வெள்ளமும் ஒருங்கே இறங்கும்போது, கடலின் வற்றுப்பெருக்கும் எதிர்நின்று மோத, நீரோட்டம் கரையின் மேற்பாகத்தைத் தொடாது அடிப்பாகத்தையே குடைகிறது. மேலே கமுகந்தோட்டமும் வீடும் பள்ளிவாசலும் அசைவின்றி நிற்கும். பின்பு ஒரு நாள் கரையில் நீளமாய் ஒரு வெடிப்புத் தோன்றும். வெடிப்புக்கு அப்பாலுள்ள நிலம் அப்படியே ஆற்றிற் சரிந்துவிடும். வீட்டுக்காரர் தகரங்களைக் கழற்றி, மரங்களை வெட்டி விற்று, உள்ளே சிறிது தூரம் தள்ளி மீண்டும் குடியேறுவர். தம் வாழ்நாளில் நான்கு, ஐந்து முறை வீடு பெயர்த்தவர்கள் அங்கே அபூர்வமல்லர்.

வடக்கிலும் கிழக்கிலும் கரைந்த மண் முற்றிலும் அழிந்துபோவதன்று. ஆற்றின் வேகம் தளரும் தெற்குப் பக்கத்தில் அது மறுபடியும் படிகிறது. ஆகவே தீவு தலைப்பக்கம் தேய்ந்து கால்பக்கம் வளர்ந்து, தெற்கு நோக்கி மெல்ல நகர்ந்து செல்வது போலத் தோன்றும்.

புதிதாய்த் தோன்றும் மண்திட்டை வங்காளர் 'சர்' என்பர். சர் பேசன், சர் குக்ரி முக்ரி முதலிய ஊர்ப்பெயர்களில் இச்சொல்லைக் காணலாம். முதலில் வற்றுக் காலத்தில் மட்டும் தலைகாட்டும் சேறு. சில ஆண்டுகளில் அதன்மேல் 'ஊரி' என்னும் புல் முளைக்கும். உவர்நீரைப் பொறுத்து வளரும் இப்புல் நெல்லுக்கு நெருங்கிய உறவு. புல் முளைத்ததும் எருமை மந்தைகள் வந்துவிடும். அவ்வெருமைப் பாலில் மட்சட்டியில் உறையிடும் தயிர் போலாவின் பெருமைக்குரிய பண்டம். 2024 இல் அரசு அதற்குப் புவியியற் குறியீடும் வழங்கியது. மட்டக்களப்புத் தயிர்ச் சட்டியை அறிந்த நேயர்களுக்கு அதன் சுவையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1966 முதல் வனத்திணைக்களத்தார் இத்தகைய திட்டுக்களில் 'கெயோரா' என்னும் கண்டல் மரத்தை நட்டு வருகின்றனர். வேர்கள் மண்ணை இறுக்கிப் பிடிக்க, நிலம் உயர்கிறது. அதன் பின்னரே நெல்லும் வீடும்.

இனி, அந்நிலம் யாருக்கு உரியது? போலாவின் சரித்திரம் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது எனலாம். ஆறு கொண்டுபோன காணியை வங்காள வழக்கில் 'சிகஸ்தி' என்றும், ஆறு மீட்டுத் தந்ததைப் 'பயஸ்தி' என்றும் கூறுவர். இரண்டும் பாரசீகச் சொற்கள். முகலாயர் காலத்து வருமான ஏடுகளிலிருந்து வந்தவை. ஆங்கிலேயர் 1825 ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு பிரமாணம் இயற்றினர். 1950 ஆம் ஆண்டுக் காணிச் சட்டம், 20 ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் நிலம் மீண்டும் தோன்றினால் பழைய உரிமையாளருக்கே சேரும் என்றது. பங்களாதேசம் தனிநாடான பின் 1972 இல் பிறந்த கட்டளையோ, மீண்டு வரும் நிலம் யாவும் அரசுக்கே என்றும், அதனைக் காணியற்றோருக்குப் பகிர்ந்தளிக்கலாம் என்றும் விதித்தது. 1994 இல் மீண்டும் மாற்றம்: 30 ஆண்டுகளுக்குள் தோன்றினால் பழைய உரிமை நிலைக்கும்.

இவற்றுள் எது நியாயம் என்று ஒருசொல்லில் தீர்ப்பது எளிதன்று. 1972 இன் நோக்கம் உயர்ந்தது. ஆனால் நேற்றுவரை காணிக்காரனாயிருந்து ஆற்றினால் ஏழையானவனையும் அது வெறுங்கையனாக்கிற்று. 1994 இன் திருத்தம் அவனுக்கு நீதி செய்கிறது. ஆனால் உறுதியும் வரைபடமும் பத்திரமாய் வைத்திருப்பவர் எப்போதும் ஏழையாய் இருப்பதில்லை. நடைமுறையிலோ சட்டம் வந்து சேருமுன்னரே 'லாட்டியாள்' எனப்படும் தடியர்கள் திட்டில் இறங்கிவிடுவதுண்டு. யாரோ ஒரு பெருமகனுக்காக அவர்கள் இடம்பிடிப்பர். உழவன் அவருக்கு வாரம் அளந்து பயிரிடுவான். நம் கீழ்மாகாணத்துப் போடியாருக்கும் முல்லைக்காரனுக்கும் இடையிலுள்ள உறவை நினைத்துப் பார்க்கலாம். ஆயின் அங்கே வயலே நிலையற்றது என்பதைக் கூட்டிக்கொள்ளவேண்டும்.

எல்லாரிலும் ஏழையாயினோர்க்குக் கிடைப்பது எல்லாவற்றிலும் புதிய நிலம். புதிய நிலம் என்பது தாழ்ந்த நிலம். அணைக்கட்டுக்கு வெளியே, மரமின்றி, கடலுக்கு நேர்முகமாய்க் கிடப்பது. சூறாவளியின் கொடுமையை இதனோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும். 1876 இலேயே இப்பகுதியைப் பெரும்புயல் ஒன்று அழித்து, ஏறத்தாழ 2 இலட்சம் பேரை மாய்த்தது. 1970 நவம்பர் 12 ஆந் திகதி இரவில் நிகழ்ந்தது அதனினும் பெரிது. பெருக்கு நேரத்திலே புயல் கரையேற, கடல் மலைபோல் எழுந்து தீவுகளின் மீது சென்றது. மாண்டோர் 3 இலட்சம் முதல் 5 இலட்சம் வரை என்பது மதிப்பீடு. போலாவின் தஜுமுத்தீன் பகுதியில் மட்டும் 1 இலட்சத்து 67 ஆயிரம் மக்களில் 100க்கு 45 பேர் மறைந்தனர். அது அமன் நெல்லின் அறுவடைக்காலம்; கூலிக்கு அறுக்க வெளியூர்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் சர்களில் தங்கியிருந்தனர். அவர்களுக்கும் அதே கதி.

பின்னர் ஆராய்ந்தோர் குறித்த ஒரு விவரம் என் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. தப்பியோர் பலரின் மார்பிலும் கைகளிலும் தொடைகளிலும் தோல் உரிந்திருந்தது. இரவு முழுவதும் மரத்தைக் கட்டித் தழுவி நின்றதன் அடையாளம். அவ்வாறு பற்றி நிற்க வலுவில்லாத குழந்தைகளும் முதியோரும் பெண்களுமே அதிகமாய் இறந்தனர்.

வானொலிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. புயல் வருவதை ஏறக்குறைய 90 சதவீதத்தினர் முன்பே அறிந்திருந்தனராம். உறுதியான கட்டிடங்களில் ஒதுங்கியோரோ 1 சதவீதம் அளவே. செய்தி வந்தது, போவதற்கு இடமில்லை, போகச் சொல்ல ஊரில் ஒருவருமில்லை. 1972 இல் செஞ்சிலுவைச் சங்கத்தார் தொடங்கிய சூறாவளி ஆயத்தத் திட்டம் இக்குறையையே குறிவைத்தது. ஊர்தோறும் தொண்டர்கள், அவர்கள் கையில் வானொலிப்பெட்டி, ஒலிபெருக்கி, கைச்சங்கு, ஆபத்தின் அளவுக்கேற்ப ஒன்று, இரண்டு, மூன்று எனக் கொடிகள். எழுத்தறியாதவரும் கொடியை எண்ணலாம். இன்று தொண்டர் தொகை 70 ஆயிரத்துக்கு மேல். அவர்களிற் பாதிப்பேர் பெண்கள். தூண்களின் மேல் நிற்கும் புகலிடங்களும், கால்நடைகள் ஏறி நிற்க 'கில்லா' எனப்படும் மண்மேடுகளும் எழுந்தன. 2007 நவம்பரில் 'சித்ர்' என்னும் கடும்புயல் பங்களாதேசத்தைத் தாக்கியபோது இறந்தோர் சுமார் 3,400 பேர். அதுவும் பெருந்துயரமே, ஆயினும் 1970 ஐ நினைப்போர்க்கு அவ்வெண்ணின் பொருள் விளங்கும். அதே விரிகுடாவில் எழுந்து 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலைக் கண்டவர்கள் நம்மிடையேயும் இருக்கின்றனர்.

புயலுக்கு விடை ஒருவாறு கண்டாயிற்று. கரையரிப்புக்கு இன்னும் காணவில்லை. கற்குற்றிகளையும் மண்மூடைகளையும் கொட்டிக் காக்கப்படும் கரைகள் சில, காக்கப்படாதவை பல. காணியிழந்தவர்களில் ஒரு சாரார் வலையை எடுக்கின்றனர். கடலிலிருந்து ஆற்றுக்கு முட்டையிட ஏறும் இலிசா, தமிழகத்திலே உல்லம் எனப்படும் மீன், போலாவின் செல்வம். தோணிக்கும் வலைக்கும் வியாபாரியிடம் 'தாதன்' என்னும் முற்பணம் பெற்றால் பிடிப்பையெல்லாம் அவனிடமே, அவன் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டும். சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிய நம் கடற்றொழிலாளருக்கு இது புதுமையன்று. மீனினம் பெருகும் பொருட்டு ஒக்டோபரை ஒட்டி 22 நாட்களும், மேக்னா, தெத்துலியா ஆறுகளின் ஒதுக்கிடங்களில் மார்ச், ஏப்ரல் இரு மாதங்களும் மீன்பிடி தடுக்கப்படுகிறது. அதனால் மீன் பெருகியதுண்டு. அந்நாட்களுக்கு அரசு தரும் அரிசி அடுப்புக்கு உதவும். தாதன் கடனுக்கு உதவாது.

மற்றொரு சாரார் தலைநகருக்குப் போகின்றனர். மாலையில் போலாவின் இறங்குதுறைகளிலிருந்து புறப்படும் இரட்டைத்தட்டு, மூன்றுதட்டு லாஞ்சிகள் விடியுமுன் டாக்காவின் சதர்காட்டை அடையும். அங்கே மீர்ப்பூரில் ஒரு சேரிக்குப் 'போலா பஸ்தி' என்றே பெயர். ஆறு கொண்ட காணிகளின் உறுதிகளை இன்னும் வைத்திருப்போர் அங்கும் உளர். 30 ஆண்டுக் கணக்கு அவர்களுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.