பேரிக்காய் மரம் தழைத்தும் காய்க்காதது ஏன்? கவாத்தில் நேரும் தவறும் தீர்வும்

சண்டீகர்: பஞ்சாப் சமவெளியில் வீட்டுத் தோட்டங்களில் வளரும் பேரிக்காய் மரங்கள் குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்து உறக்க நிலைக்குச் செல்கின்றன. டிசம்பர் பிற்பகுதி முதல் புதிய மொட்டுகள் விரியும் வரையிலான இந்த இடைவெளியே கவாத்து செய்வதற்கு உரிய காலம். ஆனால், ஆண்டுதோறும் கவாத்து செய்தும் மரம் கூரைக்கு மேல் தழைக்கிறதே தவிர காய்ப்பதில்லை என்பது வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் பலரின் குறை. பெரும்பாலும் அந்தக் கவாத்தே இதற்குக் காரணமாகிவிடுகிறது.

பேரிக்காய், கொய்யாவைப் போல அந்த ஆண்டின் புதுத்தளிரில் காய்ப்பதில்லை. இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் வயதான கிளைகளின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கும் குறைவாக, கணுக்கள் நெருங்கி, சுருக்கம் விழுந்த சிறு குச்சிகள் தோன்றுகின்றன. பூவும் காயும் பெரும்பாலும் இந்தக் குறுங்கிளைகளில்தான் உருவாகின்றன. ஒரு குறுங்கிளை பல ஆண்டுகள் தொடர்ந்து காய்க்கும் திறன் கொண்டது. இலையில்லாத காலத்தில் பட்டுப்போன குச்சியைப் போலத் தெரிவதால், மரத்தைச் 'சுத்தம்' செய்பவர்கள் முதலில் நறுக்குவது இவற்றைத்தான். அங்கேயே அடுத்த சில ஆண்டுகளின் விளைச்சல் போய்விடுகிறது.

வெட்டுவதற்கு முன் மொட்டுகளைக் கவனித்தால் இந்தத் தவறைத் தவிர்க்கலாம். பூமொட்டு பருத்து உருண்டையாக இருக்கும்; இலைமொட்டு மெலிந்து கூர்மையாகக் கிளையோடு ஒட்டியிருக்கும்.

வெட்டுவதை விட வளைப்பது முக்கியம்

பேரிக்காய் மரத்தின் இயல்பு வானை நோக்கி நிமிர்ந்து வளர்வது. நேர்குத்தாக நிற்கும் கிளையில் நுனிமொட்டின் ஆதிக்கம் வலுவாக இருப்பதால், வளர்ச்சி முழுவதும் உச்சிக்கே செல்கிறது. அதே கிளையைச் சாய்த்துவிட்டால் அந்த ஆதிக்கம் தளர்ந்து, கிளை நெடுகிலும் குறுங்கிளைகள் உருவாகின்றன. மாறாக, நிமிர்ந்த கிளையின் நுனியைக் கடுமையாக வெட்டினால், வெட்டுவாயின் கீழிருந்து நான்கைந்து போத்துகள் இன்னும் வேகமாகக் கிளம்பும். அடுத்த குளிர்காலத்தில் அவற்றையும் வெட்ட, அதைவிட அதிகமாகப் போத்துகள் வரும். காய்க்காத கொல்லை மரங்கள் பலவற்றின் கதை இதுதான்.

கிளைகளைச் சாய்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. இளங்கிளைக்கும் தண்டுக்கும் இடையே ஒரு குச்சியைச் செருகி வைக்கலாம். தரையில் முளை அடித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டலாம். தண்டிலிருந்து 45 முதல் 60 பாகை வரை விரிந்திருந்தால் போதுமானது. கயிறு பட்டையை அறுக்காமல் இருக்க, கட்டும் இடத்தில் பழந்துணி சுற்றுவது நல்லது. மிகக் குறுகிய கோணத்தில் பிரியும் கிளைகள் பிற்காலத்தில் காய்ச்சுமை தாங்காமல் தண்டோடு பிளந்துவிடும் என்பதால், இளம் வயதிலேயே இதைச் செய்துவிட வேண்டும். முற்றிய கிளை வளையாது, ஒடியும்.

புதிதாக நட்ட கன்றைத் தரையிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் நறுக்கிவிட வேண்டும். பிறகு வரும் தளிர்களில், ஒன்றன்மேல் ஒன்றாக அமையாமல் நாலாபுறமும் பரவிய நான்கைந்தை மட்டும் அடுக்குக் கிளைகளாக வைத்துக்கொண்டு, நடுத்தண்டைச் சில ஆண்டுகள் மேலே வளரவிடலாம். சட்டகம் அமைந்த பின் நடுத்தண்டை ஒரு பக்கக் கிளையின் மேல் வெட்டி, உயரத்தைக் கட்டுப்படுத்தலாம். நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் பேரிக்காய் வளர்ப்போருக்கும் இந்த முறை பொருந்தும்.

காய்க்கத் தொடங்கிய மரத்தில் வேலை மிகக் குறைவு. காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உரசுபவை, நடுவில் நேராக எழும் போத்துகள் ஆகியவற்றை அடியோடு நீக்கினால் போதும். கிளை பிறக்கும் இடத்தில் உள்ள மேட்டை ஒட்டி, அந்த மேடு சேதமடையாதபடி வெட்ட வேண்டும். முளைபோல நீட்டிவிட்டால் அங்கே அழுகல் இறங்கும். பெரிய வெட்டுகளில் போர்டோ பசை பூசுவது வழக்கம். உட்பகுதியில் வெளிச்சம் பட வேண்டும் என்பதற்காக மரத்தை முற்றிலும் திறந்துவிடுவதும் தவறு. மே, ஜூன் மாத வெயிலில் நிழலற்ற கிளைகளின் பட்டை வெந்துவிடும்.

பல ஆண்டுகள் கவனிப்பின்றி அடர்ந்துவிட்ட மரத்தை ஒரே குளிர்காலத்தில் சீராக்க முயன்றால் போத்துகளே மிஞ்சும். வேலையை மூன்று குளிர்காலங்களுக்குப் பிரித்துச் செய்வதே ஏற்றது.

தண்டின் அடியிலும் ஒரு பார்வை தேவை. வட இந்தியாவில் பேரிக்காய் பெரும்பாலும் 'கைந்த்' எனப்படும் காட்டுப் பேரி வேர்க்கன்றின் மீது ஒட்டுக் கட்டப்படுகிறது. ஒட்டுக்குக் கீழே முளைப்பவை அந்தக் காட்டு மரத்தின் கிளைகள். அவற்றை விட்டுவைத்தால் மேலேயுள்ள நல்ல ரகத்துக்குச் செல்ல வேண்டிய சத்தை அவையே எடுத்துக்கொள்ளும். எனவே, பருவம் பாராமல் கண்டவுடன் கிள்ளி எறியலாம்.