எதில் எட்டில் ஒன்று?

ஒன்ராறியோவின் 10ஆம் வகுப்புக் கணிதத்தில் வரும் ஒருங்கமை சமன்பாடுகள் எண்களாகத் தரப்பட்டால் எளிது. அவையே பின்னங்களோடு வசனக் கணக்காக வரும்போதுதான் சறுக்கல். ஒரு விழாவுக்குச் சிறுவரும் பெரியவருமாக 200 பேர் வந்தனர். சிறுவரில் எட்டில் ஒரு பங்கினரும் பெரியவரில் இருபதில் ஒரு பங்கினரும் மேடையேறினர். மேடையேறியோர் 16 பேர். சிறுவர் எத்தனை பேர்? உடனே 1/8, 1/20 இரண்டையும் கூட்டி 7/40 என்று எழுதத் தோன்றும். 200இல் 7/40 என்பது 35. மேடையேறியவர்களோ 16 பேர்தான். கூட்டலில் பிழையில்லை. வெவ்வேறு கூட்டங்களின் பங்குகளை ஒரே கூட்டத்தின் பங்குகளாகக் கொண்டதே பிழை. சிறுவரைச் 'சி' என்றும் பெரியவரைப் 'பெ' என்றும் எழுதினால் எந்தப் பங்கு எவருடையது என்பது மறக்காது: சி + பெ = 200; சி/8 + பெ/20 = 16. இரண்டாவதை 40ஆல் பெருக்கினால் 5சி + 2பெ = 640. முதலாவதின் இரு மடங்கை அதிலிருந்து கழித்தால் 3சி = 240. சிறுவர் 80 பேர், பெரியவர் 120 பேர்.

40ஆல் பெருக்கிப் பின்னத்தை ஒழித்தோமே, அந்த வேலையைத் தமிழ்க் கணக்கு அளவின் பெயரிலேயே வைத்திருந்தது. 1/320க்கு முந்திரி என்று பெயர். 1/8 ஆன அரைக்கால் 40 முந்திரி, 1/20 ஆன ஒரு மா 16 முந்திரி. இரண்டும் முழு எண்களாகிவிடுகின்றன. இந்தப் பெயர்கள் கணக்கும் செய்கின்றன. அரைக்கால் என்பது காலில் அரை, அதாவது 1/8. அங்கே பெருக்கல் இருக்கிறது. மாகாணி என்பது மாவும் காணியும்: 1/20உடன் 1/80ஐக் கூட்டினால் 1/16. அங்கே இருப்பது கூட்டல். பின்னப் பெருக்கலையும் கூட்டலையும் சொல்லுக்குள்ளேயே வைத்த மொழியைப் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு, இதை ஒருமுறையாவது சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு.

கைபேசிச் செயலியே விடை தருமே, வழக்கொழிந்த அளவுகள் எதற்கு என்று கேட்கலாம். செயலி விடையைத் தரும். ஆனால் கடையில் 20 விழுக்காடு கழிவுக்கு மேல் இன்னொரு 10 விழுக்காடு என்றால், அது 30 அல்ல, 28 என்று நின்று யோசிக்கும் பழக்கத்தைத் தராது. இரண்டாவது கழிவு, குறைந்த விலையில் பத்தில் ஒன்று. 'எதில்?' என்ற அதே கேள்விதான். பழைய அளவுகளால் இன்று யாரும் நிலம் அளக்கவேண்டியதில்லை. அந்தக் கேள்வியைப் பிள்ளையின் வாயில் வரவைக்க அரைக்கால் என்ற ஒரு சொல் போதும்.

இந்தப் பின்னங்களுக்கான தமிழ்க் குறியீடுகள் 2019இல், கணினி எழுத்துத் தரமான யுனிகோடின் 12.0 பதிப்பில் சேர்ந்துவிட்டன. கணினியில் இடம்பெற்றவற்றுக்கு மேடையிலும் இடம் வேண்டும். ஜனவரித் தமிழ் மரபுத் திங்கள் மேடைகளில் ஆடலுக்கும் பாடலுக்கும் நடுவே, ரொறன்ரோத் தமிழ் வகுப்பு ஆசிரியர்கள் முந்திரிக்கும் பத்து நிமிடம் ஒதுக்கவேண்டும்.