பித்தப்பைக் கல்லும் நாலு துளையும்

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, டீயை ஆறவிட்டு ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினார். பித்தப்பையில் கல். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட ராத்திரிகளில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு முதுகுவரை வலிக்கிறதாம். “கல்லை மட்டும் எடுத்தா போதாதா? பையையே எடுக்கணுமாமே?”

பையையேதான் அக்கா. கல்லை மட்டும் எடுத்தால் அதே பையில் மறுபடி கல் சேரலாம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை அதைத் தேக்கிவைத்துக் கெட்டியாக்கும், அவ்வளவுதான். பை போனபின் பித்தநீர் நேராகக் குடலுக்கு இறங்கும். தொந்தரவே தராத கல்லைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். உங்களுக்கு வலி வந்துவிட்டதே.

ஆபரேஷனில் முழு மயக்கம் கொடுத்து, தொப்புளருகே துளையிட்டுக் கார்பன் டை ஆக்சைடை ஏற்றுவார்கள். வயிற்றுச் சுவர் கூடாரம்போல் எழும்பி, உள்ளே கேமராவுக்கும் கருவிகளுக்கும் இடம் கிடைக்கும். அந்த வாயு ஏன் என்றால், அது தீப்பற்றாது. ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். மறுநாள் தோள் வலித்தால் பயப்படாதீர்கள். வாயு உதரவிதானத்தை உறுத்தும்போது அந்த வலி தோளில்தான் தெரியும். சில நாளில் அடங்கிவிடும்.

1985-இல் ஜெர்மனியின் போப்லிங்கனில் எரிக் மியூஹே முதன்முதலாக இப்படிப் பித்தப்பையை எடுத்தபோது அந்நாட்டு அறுவை மருத்துவர்கள் அவரை மதிக்கவில்லை. ஐந்தே ஆண்டில், 1990-இல், மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹெம்டன் உத்வாடியா இதைச் செய்தார். கோவையின் சி. பழனிவேலு உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கே, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மார்பில் துளையிட்டு அறுவை செய்யும் முறையை வளர்த்தெடுத்தார்.

ஆனால் நாலு துளையும் 5, 10 மில்லிமீட்டர்தான் என்பதால் இதைச் சின்ன ஆபரேஷன் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு அதுதான் கவலை. பைக்குப் போகும் ஒரு குழாயையும் ஒரு ரத்தநாளத்தையும் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் முக்கியமான பித்தக்குழாய் அங்கேயே ஒட்டினாற்போல் ஓடுகிறது. அதில் காயம் பட்டால் நோயாளி வருஷக்கணக்கில் அவதிப்பட நேரும். அதனால், பைக்குள் போவது இந்த இரண்டுதான் என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்வரை நல்ல சர்ஜன் எதையும் வெட்ட மாட்டார். வீக்கம் மிகுந்து எதுவும் பிரித்தறிய முடியாவிட்டால் வயிற்றைத் திறந்துவிடுவார். அது தோல்வியில்லை அக்கா, உங்களைக் காப்பாற்றும் முடிவு. சம்மதப் படிவத்தில் அந்த வரி இருக்கும், படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். திறந்து செய்வதிலும் அவருக்குப் பழக்கம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

சிக்கலில்லாமல் முடிந்தால் பலர் மறுநாளே வீடு திரும்பிவிடுகிறார்கள். வந்தபின் வயிற்றுவலி நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ராத்திரியானாலும் என்னைக் கூப்பிடுங்கள், நான் கூட வருகிறேன்.