எந்தக் கருவி என்பது இரண்டாவது கேள்வி

மூளையில் கட்டி இருப்பதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை வந்தால், பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைப்பதற்கு முன்பே திருகோணமலை வீடுகளில் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். கனடாவிலிருந்து மைத்துனர் பேசுவார். "மாமியைச் சென்னைக்குக் கொண்டு போங்க மச்சான். அங்க சைபர் நைஃப் இருக்காம். வெட்டுக் கொத்து இல்ல, ஒரே நாள்ல முடிச்சிடுவாங்களாம்." மறுநாள் காணி உறுதி அலுமாரியிலிருந்து வெளியே வந்துவிடும்.

மைத்துனர் சொல்வதில் பொய் இல்லை. இந்தியாவின் முதலாவது சைபர் நைஃப் 2009இல் சென்னை அப்பலோ வைத்தியசாலைக்குத்தான் வந்தது. சிகிச்சையில் கத்தியே கிடையாது. ஒரு நாளில், மிஞ்சினால் ஐந்து நாளில், முடிந்தும் விடும். ஆனால் மாமிக்கு அது பொருந்துமா என்பதைக் கட்டியின் வகையும் அளவும் இருக்கும் இடமும்தான் சொல்ல வேண்டும். அவை தெரிவதற்கு முன் விமானச் சீட்டு எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சைபர் நைஃப் செய்யும் குவி கதிர்ச்சிகிச்சையின் தொடக்கம் சுவீடனில். நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951இல் இந்த யோசனையை முன்வைத்தார். மண்டையோட்டைத் திறக்காமலே மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியை அழிக்க வேண்டும். ஒரே கற்றையைப் பலமாகச் செலுத்தினால் வழியில் உள்ள நல்ல மூளையும் கெடும். ஆகவே வலுக்குறைந்த பல கற்றைகளைப் பல திசைகளிலிருந்து அனுப்பி ஓரிடத்தில் சந்திக்க வைத்தார். உப்புவெளியில் கரைவலை இழுப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சப் பாரம்தான், மடியில்தான் அத்தனையும் சேரும். 1960களின் இறுதியில் ஸ்டொக்ஹோமில் இயங்கத் தொடங்கிய முதல் காமா நைஃப் கருவியில் 179 கோபால்ட்-60 மூலங்கள் இருந்தன. 2006இல் வந்த மாதிரியில் 192.

இது கட்டியைச் சுட்டுப் பொசுக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். மூளைக்குப் பரவிய ஒரு சிறு புற்றுக்கு ஒரே தடவையில் கொடுக்கும் உயர்ந்த அளவு 24 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). அவ்வளவு சக்தியையும் வெப்பமாகக் கணக்கிட்டால், திசுவின் சூடு ஒரு பாகை செல்சியஸில் நூறில் ஒரு பங்குகூட ஏறாது. நடப்பது வேறு. கதிர் கலத்தின் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. அறுந்த இழையோடு பிரிய முயலும் கலம் பிரிய முடியாமல் சாகிறது. அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். மெதுவாக வளரும் கட்டிகள் பல, சிகிச்சைக்குப் பிறகும் அதே இடத்தில் அதே அளவில் கிடக்கும். வளராமல் நின்றாலே வெற்றி.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காமா நைஃபில் உள்ள கோபால்ட்-60இன் வீரியம் 5.27 ஆண்டுகளில் பாதியாகிவிடும். அரை மணித்தியாலத்தில் முடிந்த சிகிச்சைக்கு அப்போது ஒரு மணித்தியாலம் பிடிக்கும், பின் மூலங்களை மாற்ற வேண்டும். லினாக் எனப்படும் நேர்கோட்டு முடுக்கி மின்சாரத்தில் ஓடுவது, நிறுத்தினால் கதிர் இல்லை. லெக்செலிடம் பயின்ற அமெரிக்கர் ஜோன் அட்லர், சிறிய லினாக் ஒன்றை ரோபோக் கையில் பொருத்தினார். அதுதான் சைபர் நைஃப். கற்றையை மெல்லியதாக வடிவமைக்கக்கூடிய நல்ல லினாக்கும் இதே வேலையைச் செய்யும். திட்டமிடும் வைத்தியரும் மருத்துவ இயற்பியலாளரும் கைதேர்ந்தவர்களாக இருந்தால், எந்தக் கருவி என்பதால் பெரும்பாலான கட்டிகளில் பலன் பெரிதாக மாறிவிடாது.

மாமி பயப்படப்போவது கருவிக்கல்ல, முகமூடிக்கு. வலைபோலத் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சுடுநீர்த் தொட்டியில் போட்டு எடுப்பார்கள். துணிபோலத் துவண்டுவிடும். ஈரத்தைத் துடைத்து, இளஞ்சூட்டோடு முகத்தின் மேல் விரித்து, இரு பக்கமும் இழுத்து மேசையில் பூட்டுவார்கள். சில நிமிடங்களில் அது மூக்கும் தாடையும் பதிந்தபடி இறுகும். மூச்சு விடலாம், தலையை அசைக்க முடியாது. காமா நைஃபில் பல இடங்களில் முகமூடிக்குப் பதிலாக உலோகச் சட்டம். விறைப்பு ஊசி போட்டு நான்கு திருகுகளால் மண்டையில் பிடித்து நிறுத்துவார்கள். இத்தனை கெடுபிடிக்குக் காரணம் மில்லிமீற்றர். பார்வை நரம்பு ஒரே தடவையில் சுமார் 8 முதல் 10 கிரேயைத்தான் அச்சமின்றித் தாங்கும். பக்கத்தில் உள்ள கட்டிக்கு 14 கொடுக்கும்போது தலை சற்று நகர்ந்தால் பார்வைக்கே ஆபத்து.

இனி, எந்தக் கட்டி என்ற முதல் கேள்விக்கு வருவோம். குவி கதிர் வேலை செய்ய வேண்டுமானால் கட்டிக்கு ஓரம் வேண்டும். மூளையுறையில் வளரும் மெனிஞ்சியோமா, செவி நரம்பில் வரும் ஷ்வானோமா, சத்திரசிகிச்சையில் மிஞ்சிய பிட்யூட்டரிக் கட்டி, நுரையீரலிலோ மார்பகத்திலோ இருந்து பரவிய சிறு புற்றுகள் ஆகியவற்றுக்கு ஓரம் உண்டு. மூன்று சென்ரிமீற்றருக்குள் இருந்தால் நல்லது. பெருக்கப் பெருக்க ஒரே தடவையில் கொடுக்கக்கூடிய அளவு குறையும். அமெரிக்காவின் பழைய ஆய்வொன்று அதை எண்களில் வைத்தது: 2 சென்ரிமீற்றர் வரை 24 கிரே, 3 வரை 18, 4 வரை 15. பரவிய புற்று நாலைந்து இடத்தில் இருந்தால் குவி கதிர் சரிவராது என்றுதான் முன்பு நினைத்தார்கள். ஜப்பானில் 1,194 நோயாளர்களைத் தொடர்ந்த ஆய்வு 2014இல் வெளியானபோது, ஐந்து முதல் பத்துக் கட்டிகள் உள்ளவர்களும் இரண்டு முதல் நான்கு உள்ளவர்களுக்குச் சமமாகவே வாழ்ந்தது தெரிந்தது. முழு மூளைக்கும் கதிர் கொடுப்பதைவிட இதில் நினைவாற்றல் தப்புகிறது என்பது பெரிய இலாபம்.

கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்று அப்படியல்ல. எம்.ஆர்.ஐ.யில் வெள்ளை வளையமாகத் தெரிவதற்கு அப்பாலும் அதன் கலங்கள் நல்ல மூளைக்குள் ஊர்ந்து போயிருக்கும். எங்கே குவிப்பது? வழமையான கதிர்ச்சிகிச்சைக்கு மேலதிகமாகக் குவி கதிரும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் ஆயுள் கூடவில்லை. இந்தப் புற்றுக்கு இன்றும் அடிப்படைச் சிகிச்சை, முடிந்தவரை அகற்றிவிட்டு, ஆறு வாரங்களில் 30 தடவையாக 60 கிரே, கூடவே டெமோசோலமைட் மாத்திரை. 2005இல் வெளியான ஆய்வில் மாத்திரை சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 ஆக உயர்ந்தது. கசப்பான எண்தான். ஆனாலும் இரண்டு ஆண்டு கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபத்தாறானார்கள்.

அமெரிக்க அரசியலில் இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல், தொண்ணூறு வயதில், தோல் புற்று மூளைக்குப் பரவி நான்கு சிறு புள்ளிகள். குவி கதிரும் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தும் கொடுத்தார்கள். நூறு வயது வரை வாழ்ந்து 2024 டிசெம்பரில் இறந்தார். ஜோன் மக்கெயினுக்கு 2017இல் கிளையோபிளாஸ்டோமா. அந்நாட்டின் பெயர்பெற்ற வைத்தியசாலைகளில் ஒன்றில் சத்திரசிகிச்சை, கதிர், மருந்து எல்லாம் கிடைத்தும் 2018 ஓகஸ்டில் காலமானார். "மூளைக் கட்டி" என்ற ஒரே சொல்லில் இருவரையும் அடக்கினால் எதுவும் விளங்காது.

திருகோணமலைக்காரருக்கு இதன் பொருள் மிகவும் நடைமுறையானது. திசுப் பரிசோதனை கிளையோபிளாஸ்டோமா என்றால், அந்த 30 தடவைக் கதிருக்கு நல்ல லினாக் போதும், கடல் கடக்க வேண்டியதில்லை. மகரகமை, கண்டி, மட்டக்களப்பு, தெல்லிப்பழை அரச வைத்தியசாலைகளில் கதிர்ச்சிகிச்சை இலவசம். தெல்லிப்பழைப் பிரிவு, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியில் எழுந்தது. செலவு கதிருக்கல்ல, ஆறு வாரம் தங்குவதற்கும் கூட இருப்பவரின் உழைப்பு நிற்பதற்கும்தான். காணியை விற்பதானாலும் அந்தக் காசு அங்கே போனால் பயன் உண்டு. மாறாக, செவி நரம்பில் இரண்டு சென்ரிமீற்றர்க் கட்டி என்றால் குவி கதிருக்காகச் சென்னையோ வேலூரோ போவது வீண் அல்ல. அப்போதும் அவசரமில்லை: அந்தக் கட்டி பெரும்பாலும் மெதுவாகவே வளரும், சிலருக்கு ஆறு மாதத்துக்கொரு படம் எடுத்துக் காத்திருப்பதே சிகிச்சை.

எங்கே போனாலும் அச்சடித்த படத்தாளை மட்டும் கொண்டு போகாதீர்கள். எம்.ஆர்.ஐ. பதிவான சீ.டி.யும், திசுப் பரிசோதனை முடிந்திருந்தால் அதன் மெழுகுக் கட்டியும் வேண்டும். கதிர் திட்டமிடுவதும் மரபணுச் சோதனை செய்வதும் அவற்றில்தான். நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரும் கதிர்ச்சிகிச்சைப் புற்றுநோய் நிபுணரும் ஒரே படத்தைச் சேர்ந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் சீனியை ஏற்றும். நீரிழிவுள்ளவருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை முடிந்து சில மாதங்களில் எடுக்கும் படத்தில் கட்டி முன்னதைவிடப் பெரிதாகத் தெரியலாம். வீட்டில் மறுபடியும் தொலைபேசி அடிக்கும். அது கட்டி திரும்பியதாகவும் இருக்கலாம், கதிர்பட்ட திசு இறந்து வீங்கியதாகவும் இருக்கலாம், சாதாரண எம்.ஆர்.ஐ.யில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரத்த ஓட்டத்தை அளக்கும் எம்.ஆர்.ஐ. சில நேரம் பிரித்துக் காட்டும். அதிலும் தெளிவில்லை என்றால், ஸ்டீரொய்ட் கொடுத்து இரண்டு மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்ப்பார்கள்.